டெல்பின் மிஸ்ஸின் இருட்டு

எடமலைப்பட்டி புதூரில் பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ள இடம் கேட்டால், டெல்பின் வீட்டைத்தான் கைகாட்டுவார்கள். அது டெல்பினுக்கும் தெரியும். "நம்மகிட்ட ஒட்டாத பிள்ளை இன்னும் பொறக்கலங்க" என்று புதிதாக வரும் தாய்மாரிடம் கூசாமல் சொல்வாள். வாய்ச்சவடால் என்று நினைத்தவர்கள் ஒரு வாரத்தில் வாயடைத்துப் போவார்கள்.

அவளுடைய கெட்டிக்காரத்தனம் முழுக்க வெளிச்சத்தில் இருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஊரார் சீரியல் பல்பைச் சுருட்டிப் பரணில் போடுவார்கள். இவளோ அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இறக்கி, மூடியில் பட்டர் பேப்பரை ஒட்டிவிடுவாள். மேலே ரவையைப் பரப்பிப் பிள்ளைகள் விரலால் இழுத்தால், இழுத்த கோடெல்லாம் ஒளிரும். கண்ணாடி வளையலை வைத்தால் ஒரு அழகு, முருங்கை இலையை வைத்தால் வேறொரு அழகு. சல்லடைக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் சுவரெங்கும் புள்ளிகள். கடையில் விற்கும் பொம்மைகள் என்றால் அவளுக்கு இளக்காரம்தான்.

ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்பதில் மட்டும் பிடிவாதக்காரி. ஜன்னல்களைப் போர்வையால் மூடி, டியூப்லைட்டை அணைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா நிற்பாள். பிறகுதான் அந்த ஒளிப்பெட்டி எரியும். ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் மாதா கோயில் முழுக்க இருட்டாகி, ஒற்றை மெழுகுத்திரியோடு சாமியார் உள்ளே வரும்போது சின்ன வயதில் அவளுக்குச் சிலிர்த்ததே, அதே சிலிர்ப்பைப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதாக நினைப்பு. "இருட்டு இருந்தாத்தானே வெளிச்சத்துக்கு மரியாதை" என்பாள். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்.

அந்த மூன்று கால் முயலை நொண்ட வைத்தவள் இன்ஷா. கரண்ட் போன லிஃப்டில் ஒருமுறை மாட்டிக்கொண்ட குழந்தை. டெல்பின் விளக்கை அணைத்ததுமே மூச்சு அடைக்க அலறினாள். மறுநாள் வாசலைக் கண்டதுமே அலறல். அதற்கும் மறுநாள் அம்மாவின் துப்பட்டாவை விடவேயில்லை. அந்த அம்மா நசீமாவுக்கு ஒரு மருந்துக் கடையில் வேலை கிடைத்திருந்தது, திங்கட்கிழமை சேர வேண்டும்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்குறேங்க்கா. பழகலைன்னா வேலைக்கு வரலைன்னு சொல்லிடுறேன். எனக்கு வேற ஆள் இல்ல."

 டெல்பின் தன் பேர் கெடுமே என்றுதான் முதலில் பயந்தாள், மறைப்பானேன். நசீமாவின் முகத்தைப் பார்த்த பிறகு அந்தப் பயமே அவளுக்கு வெட்கமாகிவிட்டது. இருட்டை விட்டுவிடலாமா என்று யோசித்தாள். மனசு வரவில்லை.

வியாழக்கிழமை நசீமா வாசலிலேயே உட்கார்ந்திருக்க, மற்ற பிள்ளைகள் தூங்கும்போது, மூலையில் இன்ஷா டார்ச்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொத்தானை அமுக்கிக் கட்டிலுக்கு அடியில் வெளிச்சம் அடித்தாள். அணைத்தாள். அந்தக் கருகருவென்ற இருட்டுக்குள்ளேயே எட்டிப் பார்த்தாள். மறுபடி அடித்தாள். அழவில்லை.

டெல்பின் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பாஸ்கா இருட்டில் சின்ன வயதில் அவள் பயப்படாமல் நின்றாள் என்றால், அடுத்து திரி வரும் என்று தெரிந்ததால்தான். இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அணைத்த கை மறுபடி போடுமா என்றுகூடத் தெரியாதே.

வெள்ளிக்கிழமை காலையில் ஜன்னல்களை மூடினாள். ஆனால் பெட்டியை முதலிலேயே எரியவிட்டாள். சுவிட்சுக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு, இன்ஷாவைத் தூக்கி அதன்மேல் நிறுத்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு லைட்டு உன் பொறுப்பு. உனக்கு வேணும்னா அணை. வேணாம்னா இப்படியே விளையாடலாம்."

இன்ஷா வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். டியூப்லைட்டை அணைத்தாள், உடனே போட்டாள். திரும்ப அணைத்தாள், போட்டாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் ஒருமுறை அணைத்தவள் போடவில்லை. ஒளிப்பெட்டி மட்டும் தரையில் எரிந்தது. நசீமாவின் கை தானாகக் கதவைத் தள்ளப் போனது.

"அம்மா, கதவைத் தொறக்காதீங்க, வெளிச்சம் வருது" என்றது ஸ்டூலின் மேலிருந்து குரல். "நீங்க வேலைக்குப் போயிட்டு வாங்க. நான் வேணுங்கிறப்ப போட்டுக்குவேன்."

வேலை திங்கட்கிழமைதான் என்று நசீமா சொல்லவில்லை. சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். உள்ளே டெல்பினுக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்லவேளை, இருட்டாக இருந்தது.