சேலை காயும்வரை காத்திருந்த பிள்ளை

அந்த வெள்ளைச் சேலைக்கு நான் போட்ட கஞ்சி கொஞ்சம் அதிகம்தான். கொடியில் பலகைபோல விறைத்து நின்றதைப் பார்த்து வீட்டுக்கார அம்மாள் சிரித்தார். சங்கரன்கோவிலில் அவர் வீட்டுப் பின்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். எனக்கு இருபத்திரண்டு வயது. பனவடலிசத்திரம் போகும் சாலையில் ஆறு மைல் தள்ளி ஒரு சின்ன ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் வேலை. வாரநாட்களில் அந்த ஊரிலேயே தங்கல். சனி, ஞாயிறு சங்கரன்கோவில். அந்தச் சனிக்கிழமை காலையில் சேலையைக் காயப்போட்டுவிட்டுத் திரும்பினால், வாசலில் ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

பள்ளிக்கூடத்து ஊரில் ஆட்டுக்கிடை போடுகிற குடும்பத்து மகன் அவர். ஆறு மைலும் நடந்தே வந்திருந்தார். “நேத்து பொழுதடைய ஆம்பளப் பிள்ள பொறந்திருக்கு, டீச்சரம்மா. நீங்க வந்துதான் சேனை வைக்கணும்னு அம்மா சொல்லுதா. நீங்க வார வரைக்கும் பிள்ள வாயில ஒண்ணும் படக்கூடாதுன்னு வச்சிருக்கு” என்றார். சேனை என்பது பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகத் தொட்டு வைக்கும் சீனித் தண்ணீர். யார் வைக்கிறாரோ அவருடைய குணமும் கெட்டிக்காரத்தனமும் பிள்ளைக்கு வரும் என்று நம்புவார்கள். அதற்குப் பிறகும் மூன்று நாளைக்குத் தாய்ப்பால் கிடையாது. முதலில் சுரக்கிற மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிடுவார்கள். அந்த வீட்டில் அதுவரை யாரும் கையெழுத்துப் போடக்கூடக் கற்றதில்லை. பிள்ளையாவது படிக்கட்டும் என்றுதான் என்னைக் கூப்பிட வந்திருந்தார்.

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஆனாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வீடே எனக்காகக் காத்திருக்கிறது! உடனே அவரோடு கிளம்பியிருக்கலாம். “சேலை காயணும், நாளைக்கு ஆராதனை முடிஞ்சு வாரேன், வண்டி அனுப்புங்க” என்றேன். பிள்ளை பட்டினி கிடக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். அவர் சொன்னது காதில் விழுந்தது. நான்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கஞ்சிச் சேலை மொடமொடக்க வண்டியில் போய் இறங்கினேன். வீட்டுக்குப் பின்னால் பனையோலை மறைப்புக்குள் தாயும் பிள்ளையும் இருந்தார்கள். மாமியார்க்காரி என்னை அங்கே உட்காரவைத்துவிட்டுச் சீனித் தண்ணீர் கலக்கப் போனார். மருமகளுக்குப் பதினெட்டு வயதுகூட இருக்காது. மடியில் பிள்ளை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் பட்டினி கிடந்த முகமாக அது இல்லை. அவள் வாசலைப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தாள்.

“டீச்சர், பொறந்த அன்னைக்கே அத்தை கிடைக்குப் போன நேரம் பாத்துக் குடுத்துட்டேன். இப்பவரைக்கும் திருட்டுத்தனமாத்தான் குடுக்கேன். ஆட்டுக்குட்டியவே கீழ விழுந்த ஒடனே காம்புல பிடிச்சு விடுதோம், இல்லன்னா எந்திரிக்காது. எம்பிள்ளைய மட்டும் காயப்போடச் சொல்லுதாவ. யார்ட்டயும் சொல்லிராதிய, டீச்சர்.” நான் சரி என்று தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

மாமியார் பாலாடைச் சங்கில் சீனித் தண்ணீரோடு வந்தார். மறைப்புக்கு வெளியே ஏழெட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். நான் விரலைத் தொட்டுப் பிள்ளையின் உதட்டில் வைத்தேன். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபடி வைத்தேன். வயிறு நிறைந்த பிள்ளைக்குச் சீனித் தண்ணீர் எதற்கு? கன்னத்தில் வழிந்ததுதான் மிச்சம். வெளியே ஒருத்தி, “என்னம்மா இது, டீச்சரம்மா கை ஆகலையோ” என்றாள். இன்னொருத்தி களுக்கென்று சிரித்தாள். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

“கையில ஒண்ணும் இல்ல. பிள்ளைக்குப் பசியில்ல. ஒங்க மருமக அன்னைக்கே பால் குடுத்துட்டா” என்று சொல்லிவிட்டேன்.

வாய் தவறிச் சொன்னேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. தவறவில்லை. அந்தச் சிரிப்பு என்மேல் விழக்கூடாது, வேறு யார் மேலாவது விழட்டும் என்றுதான் சொன்னேன். பொய் சொல்லக்கூடாதல்லவா என்ற சமாதானமும் கையோடு இருந்தது. மருமகள் “டீச்சர்” என்றாள். அவ்வளவுதான்.

“ஏட்டி, பாவி மட்ட! மூணு நாளு பொறுக்க முடியலயா ஒனக்கு?” என்று மாமியார் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு பிள்ளை மாமியார் பக்கத்தில்தான். பாலைத் தேங்காய்ச் சிரட்டையில் பீய்ச்சிக் கொட்டச் சொன்னார்கள். பிள்ளைக்குத் துணித் திரியில் சீனித் தண்ணீரை நனைத்துச் சப்பக் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் நான், ‘பெரியம்மா, தாய்கிட்டயே குடுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த வீட்டில் என் சொல்லுக்கு அப்படி ஒரு மதிப்பு. நான் அவர்கள் கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு வண்டியேறினேன்.

நாலாம் நாள் பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டது. எட்டாம் நாள் சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்; வழியிலேயே அடங்கிவிட்டது. “கெட்ட பாலக் குடுத்துப் பிள்ளையக் கொன்னுட்டா” என்று ஊர் பேசியது. கிணற்றடியில் என் காதுபடவே பேசினார்கள். தாய்ப்பால் குடித்தவரை அந்தப் பிள்ளை எப்படி இருந்தது என்று வீட்டாள்களைத் தவிர நேரில் பார்த்தவள் நான் ஒருத்திதான். குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்று எந்த ஆஸ்பத்திரியிலும் பிள்ளை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாயின் மார்பில் போடுகிறார்கள். சீம்பாலை ஒரு சொட்டு வீணாக்காதே என்று நர்ஸ் அதட்டுகிறாள். எழுதப் படிக்கத் தெரியாத, பதினெட்டு வயதுகூட நிரம்பாத பெண் ஆட்டுக் கிடையில் இருந்தே அதைத் தெரிந்து வைத்திருந்தாள். படித்த நான் அவளைக் காட்டிக்கொடுத்தேன். வெட்கக்கேடு. வேறு வார்த்தை எனக்கு அகப்படவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள் வகுப்பு நடக்கும்போதே மாமியார் வந்து நின்றார். “மருமகளுக்குப் பொட்டப் பிள்ள பொறந்திருக்கு. நீங்கதான் வரணும், டீச்சரம்மா. அன்னைக்கு ஒளிக்காமச் சொன்னவுக நீங்க. இந்தத் தடவ ஒங்க கண்ணு முன்னால எல்லாம் முறையா நடக்கட்டும்” என்றார். எனக்குச் செருப்பால் அடித்ததுபோல இருந்தது. கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளோடு அப்படியே ஓடினேன். இந்தமுறை என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ‘ஒங்க மருமக பால் குடுக்கல பெரியம்மா, ஆனா இனிமே தாராளமாக் குடுக்கலாம், டாக்டரே சொல்லுதார்.’ எந்த டாக்டரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. முதல்முறையாக ஒரு பொய்யைச் சந்தோஷமாகச் சொல்லப் போனேன்.

அதே ஓலை மறைப்பு. மருமகள் சுவரில் சாய்ந்திருந்தாள். மாமியார், “நீங்களே கேளுங்க, டீச்சரம்மா. எங்கிட்ட உண்மை வராது. பால் குடுத்தாளா இல்லையா?” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அவள் அதற்குள் பேசிவிட்டாள்.

“டீச்சர்ட்ட எதுக்குக் கேக்கிய? நானே சொல்லுதேன். பொறந்த ஒடனே குடுத்தேன். இன்னும் குடுப்பேன். எம்பிள்ளைய என்கிட்ட இருந்து எடுக்க வந்தா, இவளத் தூக்கிக்கிட்டு எங்க ஆத்தா வீட்டுக்கு நடந்து போயிருவேன்.”

மாமியார் அதட்டவும் இல்லை, பிள்ளையைத் தொடவும் இல்லை. மாமியார், மருமகள், பிள்ளை மூவருக்கும் நடுவில் என் உதவி யாருக்கும் தேவைப்படவில்லை. நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பொய்யைச் சொல்வதற்காக, “பெரியம்மா...” என்று ஆரம்பித்தேன். மருமகள் என் பக்கம் திரும்பினாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பேசுகிற அதே மரியாதையோடுதான் சொன்னாள்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், டீச்சர்.”

சொல்லிவிட்டு முந்தானையை விலக்கிப் பிள்ளையை எடுத்து மார்பில் போட்டுக்கொண்டாள்.