ஆட விடாதவருக்கு ஒரு சாட்சி

தேர்வுக் குழுவின் கோப்பில் அவளைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறது: “விண்ணப்பதாரரிடம் மூன்றாண்டுகள் பயின்ற முன்னணி வீராங்கனை, அவரது பயிற்சித் திறனுக்கு நேரடிச் சான்று.”

மூன்றாண்டுகள் என்பது மட்டும் சரி. கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியில் அவளுடைய இடம், கோட்டுக்கு வெளியே, தண்ணீர் பாட்டில்களுக்குப் பக்கத்து நாற்காலி. தோழிகள் அவளை ‘நாற்காலி’ என்றே கூப்பிட்டார்கள். அரசியலில் அந்தச் சொல்லுக்கு உள்ள மரியாதை கூடைப்பந்தில் கிடையாது. போட்டி எதிலும் அவள் இறங்கியதில்லை. ஒரு பயிற்சி ஆட்டத்தில் ஆள் குறைந்ததால் இறக்கினார்கள். கைக்கு வந்த முதல் பந்தை மிக அழகாக, குறி கொஞ்சமும் பிசகாமல், எதிரணிப் பெண்ணிடம் கொடுத்தாள்.

இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஃப்ரேமில் லென்ஸைப் பொருத்தி, காதில் மாட்டும் முனையைச் சூடாக்கி, வருகிறவரின் காதுக்கேற்ப வளைத்துக் கொடுப்பாள். அப்படி ஒரு காதை ஆராய்ந்துகொண்டிருந்தபோதுதான் வேறொரு கல்லூரியிலிருந்து போன் வந்தது. அங்கே பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் புதுத் தலைமைப் பயிற்சியாளரை எடுக்கிறார்கள். அவள் வந்து அவளுடைய பழைய பயிற்சியாளரைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும்.

அந்தக் கல்லூரிக்கு ஒரு சங்கடம் இருந்தது. அங்கே முன்பு இருந்த பயிற்சியாளர் அலமாரி நிறையக் கோப்பை வாங்கித் தந்தார். அணியைக் காலி செய்துவிட்டும் போனார். யார் ஆடுகிறார்கள் என்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார். பெயர் இல்லாதவள் ஏன் இல்லை என்று கேட்டால், “அப்புறம் பேசலாம்” என்பார். பெண்கள் ஒவ்வொருத்தியாக நின்றுபோனார்கள். கடைசியில் கோப்பைகளுக்குத் துணையாக ஐந்தாறு பேர் மிஞ்சினார்கள்.

இறுதிச் சுற்றில் இரண்டு பேர். ஒருவர் இன்னொரு கோப்பைக்காரர், போன இடமெல்லாம் ஜெயித்தவர். மற்றவர் அவளுடைய சார். அவளுடைய கல்லூரியை விட்டபின் பார்த்த பள்ளிக்கூட வேலையும் முடிந்துவிட்டது. இது கிடைக்காவிட்டால் மைத்துனரின் இரும்புக் கடையில் உட்கார்ந்து ஆணி நிறுக்க வேண்டியதுதான். பழைய மாணவி ஒருத்தியின் பெயரைக் கொடுக்கச் சொன்னபோது, கோப்பைக்காரர் தேசிய அணி வீராங்கனையைக் கொடுத்தார். சாரும் அப்படி ஒருத்தியை உருவாக்கியவர்தான். ஆனால் அவர் கொடுத்தது நாற்காலியை.

வீட்டில் இதைச் சொன்னபோது கணவருக்கு வந்த கோபம் பார்க்கும்படி இருந்தது. அவர் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்பவர்; எதிலும் ரிசல்ட் எதிர்பார்ப்பவர்.

“மூணு வருஷம் உன்னை உட்கார வெச்சவருக்கு நீ போய் நல்ல சர்டிபிகேட் கொடுக்கணுமா? நல்லா இருக்கே கதை!”

“நல்லதா சொல்லப் போறேன்னு யாருங்க சொன்னது?”

“அப்போ போட்டுக் கொடுக்கப் போறியா?”

“என்ன நடந்துச்சோ அதைச் சொல்லப் போறேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே?” என்றார் அவர்.

அதுதான் அவளுக்கும் பயம். சாருக்குப் போன் போட்டாள்.

“சார், நாற்காலி பேசறேன்.”

“சொல்லும்மா.” அவர் ஒரு நாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

“உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா? நேஷனல் டீமுக்குப் போன அந்த உயரமான அக்கா பேரைக் கொடுத்திருக்கலாமே?”

“அவ நல்லாத்தான் சொல்லுவா. ஆட விட்டேன், ஆடினா. உனக்குத்தான் நான் ஒண்ணும் செய்யலை.”

“நான் உள்ளதைச் சொன்னா வேலை போயிடும் சார்.”

“இன்னும் வரவே இல்லையேம்மா, எங்க போறது?”

சனிக்கிழமை போனாள். குழுத் தலைவர் வேதியியல் பேராசிரியர். கூடைப்பந்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்று அன்று காலையில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார், அதனாலேயே நடுநிலையானவர். மூக்கிலிருந்து வழுக்கும் கண்ணாடியை விரலால் தள்ளித் தள்ளிக் கோப்பைப் படித்தார். பக்கத்தில் உடற்கல்வி இயக்குநர். அவர் மனசு கோப்பைக்காரர் பக்கம்.

“நீங்க முன்னணி வீராங்கனையா இருந்தீங்க...” என்று தொடங்கினார் பேராசிரியர்.

“யார் சார் அப்படி எழுதினது?”

“நாங்கதான்.”

“நான் ஒரு மேட்ச்கூட ஆடலை சார்.”

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மூணு வருஷமும் உட்கார வெச்சாரா? உங்களுக்குக் கோபமே வரலையா?”

“வந்துச்சு. இன்னும் கொஞ்சம் இருக்கு.”

இயக்குநர் திருப்தியாகப் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் கண்ணாடியைத் தள்ளினார். “அப்படின்னா நீங்க ஏன் விட்டுட்டுப் போகலை?” கல்லூரிக்குத் தெரிய வேண்டியிருந்ததும் அதுதான்.

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னாடி நேரா வந்து சொல்லுவார் சார். ‘இன்னைக்கு நீ இறங்க மாட்டே. பந்து வரும்போது கண்ணை மூடிக்கிறே.’ நான் வீட்டுல சுவத்துல பந்தை அடிச்சு அடிச்சு அதைச் சரி பண்ணினேன். அடுத்த மேட்சுக்கு வந்து, ‘கண்ணு சரியாயிடுச்சு. இப்போ காலு லேட்டா வருது’ன்னார். அதையும் சரி பண்ணினேன். அவர்கிட்ட காரணம் தீர்ந்துபோகும்னு காத்திருந்தேன். தீரவே இல்லை.”

பேராசிரியர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

“காலேஜ் முடிச்சு எத்தனையோ இடத்துல வேலை கேட்டேன் சார். எல்லாரும் மரியாதையா, ‘அப்புறம் சொல்றோம்’னாங்க. இன்னைக்கு வரைக்கும் யாரும் சொல்லலை. என் மூஞ்சியைப் பார்த்து முடியாதுன்னு சொன்னவர் அவர் ஒருத்தர்தான். அதுக்கு நான் நன்றி சொன்னதே இல்லை.”

பேராசிரியரின் கண்ணாடி மறுபடி வழுக்கியது. அவளுக்குப் பொறுக்கவில்லை.

“அதைக் கொஞ்சம் கொடுங்க சார்.”

வாங்கி, முனைகளை உள்ளங்கையில் தேய்த்துச் சூடேற்றி, கொஞ்சம் வளைத்துத் திருப்பிக் கொடுத்தாள். பேராசிரியர் மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிப் பார்த்தார். “அட, நிக்குதே! இனிமே பிரச்சினை இல்லையே?”

“இருக்கு சார். இந்த ஃப்ரேமே உங்க முகத்துக்குப் பெருசு. ரெண்டு நாள் நிக்கும், அப்புறம் வழுக்கும்.”

பேராசிரியர் இயக்குநரைப் பார்த்தார். “அந்தப் பயிற்சியாளர் இப்படித்தான் பேசுவார்போல.”

சாருக்கு வேலை கிடைத்தது. அவர் வந்த பிறகு அணி முதல் ஆட்டத்தில் பெரிய வித்தியாசத்தில் தோற்றது. ஆனால் அன்று காலை, ஆடப்போகாத ஒவ்வொரு பெண்ணிடமும் அவர் தனித்தனியாகப் போய்ப் பேசினார். அவர்களில் ஒருத்தி அழுதாள். மறுநாள் பயிற்சிக்கு அத்தனை பேரும் வந்தார்கள், அழுதவள் உட்பட. பேராசிரியர் புது ஃப்ரேம் வாங்கினார். கோப்பில் அவள் இன்னும் முன்னணி வீராங்கனைதான், யாரும் திருத்தவில்லை.

அவள் செய்தது இவ்வளவுதான்: தன்னை ஆட விடாத ஒருவருக்காகக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போய், அவர் ஆட விடவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள்.