எழும்பு என்று யாரும் சொல்லாத சதுக்கம்

லண்டன் என் அப்பாவை இருபத்தெட்டு வருஷம் நிற்க வைத்தது. இப்போது இருக்கவும் விடுவதில்லை.

அவர் வேலை செய்த பெட்ரோல் ஸ்டேஷனில் கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் கூடக் கிடையாது. இருந்தால் சோம்பேறி மாதிரித் தெரியுமாம். அந்தக் கால்களோடுதான் அவர் என்னுடன் ஈரானுக்கு வந்தார்.

காய்ந்த மண் சுவரில் தண்ணீர் பட்டதும் எழும் மணம்... யஸ்த் என்றால் எனக்கு முதலில் வருவது அதுதான். பாலைவனத்துக்கு நடுவே, முழுக்க மண் நிறத்தில் ஒரு நகரம்.

கோவிட்டுக்கு முந்தின வருஷம். எனக்கு இருபத்துநாலு வயது. முதல் வேலை, முதல் லீவு. தனியாகப் போவதாகத்தான் இருந்தேன்.

"பொம்பிளைப் பிள்ளை தனியப் போகேலாது. நானும் வாறன்."

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் எங்கட தமிழ்க் கடையில் வாங்கிய மூன்று பாக்கெட் மிக்சரோடு வந்து ஏறினார். விமானத்தில் நான் அவரோடு பேசவே இல்லை.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர் என்றால் கூடவே ஒரு கைட் வர வேண்டும் என்பது அங்கே சட்டம். எங்களுக்கு வந்தவர் பெயர் ரெஸா. ஒரு பின்னேரம் எங்களை அமீர் சக்மாக் சதுக்கத்துக்குக் கூட்டிப்போனார். பல நூற்றாண்டுப் பழையது. அடுக்கடுக்காக வளைவு மாடங்கள், மேலே இரண்டு மினார்கள், முன்னால் நீரூற்று, புல்தரை. வெயில் இறங்க இறங்க மாடங்களில் மஞ்சள் விளக்குகள் எரியத் தொடங்கின. குடும்பம் குடும்பமாக விரிப்பும் பிளாஸ்க்கும் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"உள்ள போகக் காசோ?" அப்பா கேட்டார்.

"இல்லை அப்பா."

"அப்ப இவ்வளவு சனமும் என்ன செய்யுது?"

"சும்மா இருக்கினம்."

அவர் நம்பவில்லை. டிக்கெட் கவுண்டரைத் தேடினார்.

சதுக்கத்தின் ஒரு பக்கம், மரச் சட்டங்களால் பின்னிய மாபெரும் இலை போல ஒன்று நின்றது. முஹர்ரம் நாளில் ஊர் ஆண்கள் கூடித் தோளில் தூக்குவதற்காகச் செய்தது என்று ரெஸா ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் அப்பா சப்பாத்தைக் கழற்றிவிட்டார். சொக்ஸையும்.

"என்ன செய்யிறியள்? ஆக்கள் பாக்கினம்!"

"தேருக்கு முன்னால சப்பாத்தோட நிக்கிறதோ?"

"ஐயோ, அது தேர் இல்லை. அவை துக்கத்துக்குத் தூக்கிறது."

"ஊர் சேந்து தூக்கினா அது தேர்தான். உனக்கு ஒண்டும் தெரியாது."

அவர் வெறுங்காலோடு நின்ற இடத்துக்குப் பக்கத்தில்தான் ஒரு குடும்பம் விரிப்புப் போட்டிருந்தது. அங்கே விரிப்பில் இருக்கப் போகிறவர்தான் சப்பாத்தைக் கழற்றுவார். வீட்டுக்காரர் எழுந்தார், பிள்ளைகளைத் தள்ளி இருக்கச் சொன்னார், அப்பாவுக்கு இடத்தைக் கையால் காட்டினார்.

அப்பா எங்கள் ஆக்களின் வழமையான மறுப்பைச் சொன்னார். "இருக்கட்டும், இருக்கட்டும்."

"என்ன சொல்கிறார்?" ரெஸா என்னிடம் கேட்டார்.

நான் லண்டனில் பிறந்தவள். வீட்டில் 'இருங்கோ' என்றால் 'sit'. ஆகவே, "இருக்க வேண்டுமாம்" என்று மொழிபெயர்த்தேன்.

ரெஸா அதைப் பாரசீகத்தில் சொன்னதும் ஒரே ஆரவாரம். அந்த மனிதர் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து இருத்தியே விட்டார்.

"என்னடி சொன்னனீ அவைக்கு?"

"நீங்கள் சொன்னதைத்தான்."

பால் இல்லாத தேத்தண்ணி வந்தது. சீனிக்கட்டி தனியே. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்பா கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு உறிஞ்சினார், பனங்கட்டி கடித்துப் பழகிய வாய். அந்த வீட்டு அம்மா கைதட்டினார். பதிலுக்கு அப்பா மிக்சரைப் பிரித்தார். காரத்தில் அவர்களுடைய மகளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருமி முடித்து மறுபடியும் கை நீட்டினாள்.

இரண்டு மணித்தியாலம். அப்பா காலை நீட்டி இருந்தார். வீட்டுக்கு வெளியே அவர் அப்படி இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பாத்தியே பிள்ளை... இவ்வளவு நேரமாச்சு. ஒருத்தரும் எழும்பு எண்டு சொல்லேல்லை."

அந்த நாட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அந்த இரண்டு மணித்தியாலமும் சட்டத்துக்குப் பயந்து என் தலையில் துணி இருந்தது. வியர்த்து ஊத்தியது. இருந்தும் அந்தப் பின்னேரம் எனக்கு வேண்டும். திரும்ப வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் புதிய ஃபிளாட்டுகள் எழும்பியிருக்கின்றன. முன்னால் உள்ள வெளிக்கு 'ஸ்குவேர்' என்று பலகை. சொந்தக்காரர் ஏதோ கம்பனி. அதில் இரண்டு வாங்குகள், நீளப் பெஞ்சுகள், இருந்தன. வேலையை விட்ட பிறகு அப்பா காலையில் அங்கேதான் போய் இருப்பார். ஒரு நாள் செக்யூரிட்டி வந்தார். எங்கட ஆள்தான், தமிழ்ப் பெடியன்.

"அங்கிள், கோவிக்காதேங்கோ. அரை மணித்தியாலத்துக்கு மேல இதில இருக்கேலாதாம். எனக்குச் சொல்லியிருக்கினம்."

"நீ எங்க தம்பி இருக்கிறனீ?"

"எனக்குப் பன்னிரண்டு மணித்தியால ஷிப்ட் அங்கிள். நிண்டபடிதான்."

அப்பா எழுந்து வந்துவிட்டார். அடுத்த மாதம் வாங்குகளையே கழற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் சாய்வாக ஒரு இரும்புக் கம்பி. சாயலாம். இருக்க ஏலாது.

அப்பா இப்போது வெளியே போவதில்லை. கட்டில் விளிம்பில் இருந்து போனில் அந்தச் சதுக்கத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார். "ஒருக்கா அங்க போவமே?" என்று கேட்கிறார். அந்த நாட்டுச் செய்தியையும் பார்க்கிறார், பிறகும் கேட்கிறார். அந்த விரிப்பில் இருந்தவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்களோ... பெயர் கூடக் கேட்கவில்லை நாங்கள்.

ஃபிளாட் நிர்வாகத்துக்கு ஆங்கிலத்தில் நாலு மெயில் போட்டேன். நாலுக்கும் ஆட்டோ ரிப்ளை.

ஐந்தாவதைத் தமிழில் எழுதுகிறேன்.

என் அப்பா இருக்க வேண்டும். வாங்குகளைத் திரும்ப வையுங்கள்.