பெரில் காவலிருந்த மதியம்

பெரில் ஹார்க்கருக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவளே ஒப்புக்கொள்வாள். மீன்-சிப்ஸ் கடை வரிசையில் முன்னால் நிற்கும் முகம் தெரியாத ஆளிடம் தன் மூட்டுவலியைச் சொல்ல ஆரம்பித்தால், அவர் முறை வருவதற்குள் அவருடைய மருமகளின் விவாகரத்துக் கதை முழுவதையும் கறந்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவளை, பேனா விழுந்தாலே எல்லோரும் திரும்பிப் பார்க்கும் தேர்வு ஹாலில் கண்காணிப்பாளராகப் போட்டதுதான் எங்கள் கல்லூரி செய்த பெரிய வேடிக்கை.

எங்கள் ஊர் வென்ஷாவில் சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரி மேட்டின் உச்சியில் இருக்கிறது. பதினாறு வயதில் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள், பல்கலைக்கழகத்துக்கோ வேலைக்கோ போவதற்கு முன் இரண்டு வருடம் இங்கே படிக்கிறார்கள். பள்ளத்தாக்கின் எல்லா ஊர்களிலிருந்தும் ஈரக் கோட்டும் பாதி தின்ற டோஸ்ட்டுமாக பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். நான் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். பெயர் லின். குடுவை கழுவிக் கழுவியே என் கை சொரசொரத்துப் போனது. பெரில் பிஸ்கட் ஃபாக்டரியிலிருந்து ஓய்வு பெற்றபின், கோடைத் தேர்வுக்கு மட்டும் வருவாள். வேலை என்று வந்துவிட்டால் ஆளே வேறு. ரப்பர் அடி போட்ட செருப்பு, வாசனைத் திரவியம் கிடையாது. டாஃபியைக்கூட வீட்டிலேயே காகிதம் உரித்துப் பையில் போட்டுக்கொண்டு வருவாள், ஹாலில் சரசரக்கக் கூடாது என்பதற்காக. பையின் நூலெல்லாம் டாஃபியில் ஒட்டியிருக்கும். எனக்கும் ஒன்று நீட்டுவாள். நான் வாங்கியதே இல்லை.

அதே ஹாலில்தான் அவளும் ஒரு காலத்தில் தேர்வு எழுதினாள். அப்போது அது பெண்கள் பள்ளி. கடைசிப் பரீட்சை அன்று அவள் அப்பா கல்குவாரியில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் நினைவோடுதான் இருந்தாராம். "பெரிலுக்குச் சொல்லாதீங்க. எழுதி முடிக்கட்டும்" என்றாராம். அவள் எழுதி முடித்து, தோழிகளோடு சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் அத்தை அவளுடைய நல்ல கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதற்குள் அவர் போய்விட்டார். நல்ல மார்க்தான் வந்தது. ஆனால் அவள் மேலே படிக்கவில்லை; அந்த வருடமே பிஸ்கட் ஃபாக்டரிக்குப் போய்விட்டாள். இந்தக் கதையை அவள் ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். ஆனால் சொல்லும்போது ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவள் குரல் தடுமாறும். "அவர் நிஜமாவே அப்படி நினைச்சாரா, இல்ல எனக்காகச் சொன்னாரா? அதுதான் லின் எனக்குத் தெரியல" என்பாள். நான் டீ ஊற்றப் போய்விடுவேன்.

கீலி ரோத்வெல் விஷயத்துக்கு வருகிறேன். கூரை வேய்கிற டேரன் ரோத்வெல்லின் மகள். அந்த ஜூனில் அவளுக்கு இயற்பியலும் புவியியலும் ஒரே நாள், ஒரே நேரத்தில் வந்துவிட்டன. இப்படி வந்தால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒன்றைக் காலையில் எழுதிவிட்டு, மற்றதை மதியம் எழுத வேண்டும். நடுவில் பிள்ளையைத் தனி அறையில் வைத்துவிடுவோம். ஃபோன் கிடையாது, தோழிகள் கிடையாது, வெளி ஆள் யாரும் பேசக் கூடாது. ஏற்கெனவே எழுதிய பிள்ளைகள் கேள்வியைச் சொல்லிவிடக் கூடாது அல்லவா? கூட ஒரு கண்காணிப்பாளர் உட்கார்ந்து சாப்பிடுவார், கழிப்பறை வாசல் வரை வருவார். பிள்ளைகள் இதை ஜெயில் சாப்பாடு என்பார்கள். அன்று கீலி காலையில் இயற்பியலை எழுதிவிட்டாள்; மதியம் புவியியல். காவல், பெரில்.

மதியம் கீலியின் அம்மா மிஷெல் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தாள். டேரனுக்குக் கூரை மேலேயே நெஞ்சுவலி. கீழே இறக்கி நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார்கள். சீக்கிரமே ஆபரேஷன். கீலிக்குச் சொல்ல வேண்டாம், பரீட்சை முடியட்டும் என்று டேரனே சொல்லிவிட்டாராம். எங்கள் துணை முதல்வர் ஸ்டூவர்ட் கழுத்து டையைச் சரிசெய்துகொண்டே என்னைக் கூப்பிட்டார். அந்த மனிதர் வீடு தீப்பிடித்தாலும் நடைமுறை என்ன என்று கேட்டுவிட்டுத்தான் ஓடுவார்.

"லின், சாப்பாட்டுத் தட்டை நீங்க கொண்டு போங்க. பெரில்கிட்ட மட்டும் சொல்லிடுங்க. மத்த பசங்களுக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும், யாரும் அந்தப் பொண்ணு கிட்ட போகாம பெரில் பாத்துக்கணும். குடும்பமே சொல்ல வேணாம்னு சொல்லுது. நமக்கு அதுதான் நடைமுறை."

"பெரில்கிட்டயா? வேற ஆள் இல்லையா?"

"ஏன், என்ன?"

அவர் வெளியூர்க்காரர். பெரிலின் கதையைக் கேட்காத ஒரே ஆள் கல்லூரியில் அவர்தான். நான் விளக்கிக்கொண்டு நிற்கவில்லை. தட்டில் இறைச்சி அடைத்த அப்பமும் கிரேவியும் ஆறிக்கொண்டிருந்தன.

அறை வாசலில் வைத்து பெரிலிடம் காதோடு சொன்னேன். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். உள்ளே கீலி ஆறுகளின் படத்தைக் காற்றில் விரலால் வரைந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"அவரே சொன்னாரா? சொல்லாதேன்னு?"

"அப்படித்தான் மிஷெல் சொன்னாளாம். வாயை மூடிக்கிட்டு இரு பெரில். உன் வேலையே போயிடும்."

"வேலை கிடக்குது போடி."

அவள் உள்ளே போய் கீலிக்கு எதிரே உட்கார்ந்தாள். நான் கதவைச் சாத்தாமல் நின்றேன். போயிருக்கலாம், கால் வரவில்லை. கீலி அப்பத்தைப் பிளந்து ஆவியை ஊதினாள்.

"பெரில், இன்னிக்கு ஏன் நீங்க பேசவே மாட்டேங்கறீங்க? காலைல வாயே மூடலையே!"

பெரில் மேஜையைப் பார்த்தாள். பிறகு, "முள்கரண்டியைக் கீழ வை கண்ணு" என்றாள். "உங்கப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில இருக்கார். உயிரோட இருக்கார். ஆபரேஷன் பண்ணப் போறாங்க. உனக்குச் சொல்ல வேணாம்னு எல்லாரும் சொல்லிட்டாங்க, உங்கப்பாவும் சேத்துதான். நான் சொல்லிட்டேன்."

கீலி முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். "அப்போ என் எக்ஸாம்?"

"எழுதறதும் போறதும் உன் இஷ்டம். எதைப் பண்ணாலும் நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா தெரியாம எழுதக் கூடாதும்மா."

கீலி எழுந்து கோட்டை எடுத்தாள். என்னைப் பார்த்து, "லின், உங்ககிட்ட கார் இருக்குதானே?" என்றாள்.

நான் ஓட்டினேன். வார்டு வாசலில் மிஷெல் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "யாரு சொன்னது? யாருக்கு இவ்வளவு திமிரு?" என்று கத்தினாள். கீலி அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டேரன் பிழைத்துக்கொண்டார். ஊர் என்ன சொல்லும்? ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அந்தக் கிழவி பிள்ளையின் படிப்பைக் கெடுத்தாள் என்றது. ஸ்டூவர்ட் பெரிலைக் கூப்பிட்டு, நடைமுறை என்ற சொல்லை வாய் வலிக்கும்வரை சொல்லி, இனி வர வேண்டாம் என்றார். கீலி முன்பே எழுதியிருந்த மற்றப் புவியியல் தாள்களை வைத்துக் கணக்குப் போட்டு, அந்தப் பாடத்துக்கு மதிப்பெண் கொடுத்தார்கள். அவள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஆசைப்பட்ட பல்கலைக்கழகம் கைவிட்டுப் போனது. இரண்டாவதாகக் கேட்டிருந்த இடத்துக்குப் போனாள். மிஷெல் தெருவில் பெரிலைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் கடந்துவிடுவாள்.

"அவர் பிழைச்சது போதும் லின். தப்பு என்மேலயே இருக்கட்டும்" என்பாள் பெரில். ஆனால் மீன் கடை வரிசையில் பேசுவதை நிறுத்திவிட்டாள். அது எனக்குத் தாங்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவளுடைய மூட்டுவலியைக் கேட்க ஏங்கினேன்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை நான் அவள் வீட்டில் இருந்தபோது கதவு தட்டப்பட்டது. டேரன் ரோத்வெல். மெலிந்து, சட்டை தொளதொளத்து நின்றார். பின்னால் ஏணியோடு அவருடைய தொழில் கூட்டாளி.

"உங்க கூரையில ஒரு ஓடு நழுவியிருக்கு. பஸ்ல போறப்ப பாத்தேன். நான் ஏறக் கூடாது, இவன் ஏறுவான்."

"நான் கூப்பிடவே இல்லையே."

"தெரியும்."

கூட்டாளி மேலே தட்டிக்கொண்டிருந்தான். பெரில் டீயும் இஞ்சி பிஸ்கட்டும் வாசலுக்கே கொண்டுவந்தாள். டேரன் தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டே பேசினார். நேராகப் பார்த்துப் பேசும் வழக்கம் எங்கள் ஊர் ஆண்களுக்குக் கிடையாது.

"மிஷெலுக்கு இன்னும் கோவம்தான். அவளைத் தப்பு சொல்ல முடியாது. கீலிக்குச் சொல்லாதேன்னு சொன்னது நான்தானே."

"ஆமா. நீங்கதான்."

"சொன்னேன். நிஜமாத்தான் சொன்னேன்." அவர் டீயை ஊதினார். "ஆனா சொல்லிட்டு, அவ வர்றாளான்னு கதவையே பாத்துக்கிட்டுக் கிடந்தேன்."

பெரில் கையிலிருந்த தட்டு சாய்ந்தது. பிஸ்கட்டுகள் படியில் உருண்டன. அவள் குனியவில்லை.

"முழு நேரமுமா?"

"வேற எதைப் பாக்கறது? கூரையையா? அதைத்தான் தினமும் பாக்கறேனே" என்று சிரிக்கப் பார்த்தார். பெரிலின் முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றது. "நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டேனா?"

"இல்லப்பா. இல்ல." அவள் வாசல்படியிலேயே உட்கார்ந்து, ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். டேரன் என்ன செய்வதென்று தெரியாமல் பிஸ்கட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் வைத்தார்.

"அப்போ அவரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருப்பார், லின்" என்றாள் அவள். "நான் உள்ள உக்காந்து எழுதிக்கிட்டிருந்தேன்."

இந்த முறை டீ ஊற்ற நான் எழுந்து போகவில்லை.