இழுவை என்றால் நான் சொல்கிறேன்

"யூடியூப்ல ரிவ்யூ பண்றவன் படத்தைக் கிழிச்சித் தொங்கவிட்டுட்டான், போகாதே" என்று கணவர் தடுத்தும், திருநின்றவூரிலிருந்து ஆவடிக்கு அந்தப் படம் பார்க்கத் தனியாகப் போனேன்.

டிக்கெட் கவுண்டரில் இருந்தவர், "அந்த ரிவ்யூ வந்ததுலேர்ந்து ஆளே வர்லக்கா. இன்னும் நாலு பேராவது வந்தாத்தான் ஷோ" என்றார்.

எவனோ ரூமுக்குள் உட்கார்ந்து பேசியதற்கு நான் ஏன் திரும்பிப் போகவேண்டும்? ஐந்து டிக்கெட் வாங்கினேன். கணவருக்குப் போன் செய்து, "அத்தையையும் ரெண்டு பசங்களையும் கூட்டிக்கிட்டு அடுத்த டிரெயின்லயே வாங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். படம் ஓடியது.

முதல் பாதியில் மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டாம் பாதி இழுவைதான்.

இப்போதெல்லாம் படம் பார்த்த பிறகுதான் அந்த விமர்சகரின் வீடியோவைப் பார்க்கிறேன், அவர் படத்தை ஒழுங்காகப் பார்த்தாரா என்று.