எக்ஸாமினர் சேரைக் கணவாய் என்று சொன்ன என் மொடல்

இன்று காலை, பைனல் இயர் புரொஜெக்ட் டெமோவில், என் மொடல் எக்ஸாமினர் சேரைக் கணவாய் என்று சொல்லிவிட்டது!

(ஓம், கறி வைக்கிற கணவாய்தான்.)

படத்தைக் காட்டினால் என்ன மீன் என்று சொல்லும் ஆப் ஒன்று செய்திருந்தேன். சாளை, பாரை, இறால், கணவாய், அறக்குளா என்று மொத்தம் ஐந்து வகை தெரியும்.

படம் பார்க்கும் மூளை என்னுடையது இல்லை. யாரோ லட்சக்கணக்கான படங்கள் காட்டிப் பழக்கி வைத்த நெட்வேர்க். அதன் கடைசி அடுக்கை மட்டும் கழற்றிவிட்டு, கொட்டாஞ்சேனை மார்க்கெட்டில் நான் எடுத்த மீன் படங்களை வைத்துப் புதிதாக ஒன்று பழக்கினேன். (என் சப்பாத்து மணந்த மணம் வீட்டாருக்குத்தான் தெரியும்!)

இதில் பெயிலானால் இன்னும் ஒரு வருஷம் அதே கதிரை. அம்மா விடியவே கோயிலுக்கு மெழுகுதிரி கொளுத்தப் போய்விட்டார்.

சேர் தொடங்கினார். "அக்டிவேஷன் ஃபங்ஷன் எண்டா என்ன பிள்ள? பாடமாக்கினத விட்டிட்டுச் சொல்லுங்க."

"உள் அடுக்குகளில ரிலு சேர். மைனஸ் வந்தா பூச்சியமாக்கும். பிளஸ் வந்தா அப்பிடியே விடும். எங்கட அம்மா இதுக்கு நேர்மாறு சேர். நல்லது செஞ்சா பூச்சியம், பிழை விட்டா அப்பிடியே உள்ள போகும்!"

சேர் சிரிக்கவில்லை.

சாளைப் படம் காட்டினேன். சாளை! இறால் காட்டினேன். இறால்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எங்க, என்னைக் காட்டுங்க பாப்பம்," என்று சேர் என் போனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினார்.

கணவாய் 98%.

பக்கத்தில் இருந்த மற்ற எக்ஸாமினர் மெடம் தண்ணீர்ப் போத்தலால் வாயை மறைத்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அப்ப நான் கணவாய். அதுவும் தொண்ணூற்றெட்டு வீதம்."

"ஐயோ இல்ல சேர்! கடைசி அடுக்கில இருக்கிற அக்டிவேஷன் சொஃப்ட்மெக்ஸ். அது நூறு வீதத்தையும் தனக்குத் தெரிஞ்ச அஞ்சுக்குள்ளயே பிரிச்சுக் குடுக்க வேணும். 'தெரியா' எண்டு சொல்ல வழியே இல்ல. கலண்டரக் காட்டினாலும் மீன்தான் சேர்!"

"மாத்தேலாதா?"

"ஏலும் சேர். சிக்மொய்ட் போட்டா ஒவ்வொரு மீனுக்கும் ஓமா இல்லையா எண்டு தனித்தனியாச் சொல்லும். மீனில்லாத படங்களையும் காட்டிப் பழக்கினா, இது ஒண்டுமே இல்ல எண்டு சொல்லப் பழகும்."

சேர் பேனையை எடுத்தார். திரும்ப வைத்தார். மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்ப ஒருக்கா எடுங்க."

போனைத் திரும்ப அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து எடுத்தேன்.

அறக்குளா 91%. (விலை கேட்கவே பயப்படுவோமே, அந்த அறக்குளா!)

"ம்ம்... இது பரவாயில்ல," என்றார் சேர். இன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்தபடியே கையெழுத்தும் வைத்தார்.

பாஸ் மக்களே, பாஸ்!!!