திரும்பி வரவேண்டிய கிளை

கும்மிடிப்பூண்டியில் புதிதாகச் சுவர் எழுப்பிய ஒரு தொழிற்சாலை மனைக்கு அவர் வாட்ச்மேன். இரட்டை ஷிப்டில் கால்கள் வீங்கியிருக்கும். ஷூவைக் கழற்றி நாற்காலிக்கடியில் வைத்திருப்பார். ஏதாவது பொருள் வெளியே போனால் மட்டும் மாட்டிக்கொண்டு எழுந்து நோட்டில் எழுதுவார்.

சுவருக்குள் பழைய காடு கொஞ்சம் மிச்சமிருந்தது. கல்லூரியின் உலர்தாவரச் சேகரிப்புக்காக, நீலமாகப் பூத்திருந்த காயா என்ற காட்டுமரத்தில் ஒரு கிளை வெட்டிக்கொண்டு வந்தேன். அவர் ஷூவை மாட்டினார்.

“இது திரும்பி வருமா சார், வராதா?”

“வராதுங்க. காய வெச்சு அட்டையில ஒட்டிடுவோம்.”

“வராதுன்னா மேனேஜரு கையெழுத்து வேணும். அவரு செல்லே எடுக்க மாட்டாரு. வரும்னே எழுதிக்கிறேன், நீ போ சார்.”

அந்த நீலப் பூக்கள் செய்தித்தாள்களுக்கு நடுவே பழுப்பாகிப் போயின.

பூ மட்டும் போதாது, காயும் வேண்டும் என்று சில மாதம் கழித்து மறுபடி போனேன். சுவருக்குள் பொக்லைன் நிரவிய மண்தான் இருந்தது. அவர் நோட்டைப் புரட்டி என் வரியைக் காட்டினார்.

“லாரி லாரியா மரம் போச்சு சார். குப்பைக்கு இன்னா எழுத்துன்னுட்டாங்க. உன் கொம்பு மட்டும்தான் இன்னும் வரணும்னு நிக்குது.”

“அந்த வரிய அடிச்சிடுங்களேன்.”

“வேணாம் சார். இங்க மரம் இருந்துச்சுன்னு அது ஒண்ணுதான் எழுத்துல கீது.”

வெறுங்காலோடு எழுந்து வந்து கேட்டைத் திறந்துவிட்டார். அன்று என் கையில் எதுவும் இல்லை. அவருக்கு ஷூ தேவைப்படவில்லை.